கோயில் விமானத்தைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு: ஒரே படத்தை நான்கு முறை ஷார்ப் செய்ததன் விளைவு

அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் ராத்திரி, ஹாலில் மாட்டுவதற்காக நான் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோன படத்தைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம், 20க்கு 30 அங்குலம், நானே எடுத்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அண்ணி மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "தம்பி, கோபுரத்தைச் சுத்தி யாரோ சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி இருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

அதுவரை என் கண்ணில் படாத கோடு அது. அவர் சொன்ன பிறகு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. கருங்கல்லும் வானமும் சேரும் இடமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்கு வெளியே இன்னும் அகலமாக ஒரு வெளுப்பு, வானத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள். படத்தை ஷார்ப் செய்ததுதான், அதாவது எடுத்த படத்தைச் செயற்கையாகக் கூர்மையாக்கியதுதான், காரணம் என்பது உடனே தெரிந்தது. எந்த ஷார்ப், எங்கே நடந்தது, யார் செய்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே தவறைச் செய்துவிட்டு கேமராவையோ லென்ஸையோ குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்காவது இது பயன்பட வேண்டும்.

படம் எடுத்த விதம்

சாயங்காலம், ஐந்தரை மணிக்கு மேல். மேற்கிலிருந்து வெயில் விழுந்து கல் முழுக்கப் பொன்னிறமாக இருந்தது, பின்னால் கொஞ்சம் மேகம். 24 மெகாபிக்சல் கேமரா, ஏபிஎஸ்-சி சென்சர், 35 மி.மீ. லென்ஸ். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க முடியாது, அதனால் கையில் பிடித்தே எடுத்தேன். கீழே பிராகாரத் தரையிலிருந்து மேலே கலசம் வரை எல்லாம் தெளிவாக விழ வேண்டும் என்று அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, நன்றாகச் சிறுக்க வைத்து எஃப் 16-க்குக் கொண்டுபோனேன் (எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்). ஷட்டர் 1/50 நொடி, ஐஎஸ்ஓ 400.

இந்த எஃப் 16-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். ஒரு நல்ல காரியமும் செய்திருந்தேன்: கேமராவே மெருகேற்றிச் சுருக்கித் தரும் ஜேபெக் கோப்போடு, சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் சேமித்து வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் இந்த ஆய்வே நடந்திருக்காது.

ஸ்கேலும் பூதக்கண்ணாடியும்

அச்சை மேசையில் போட்டு, அளவுகோலையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் 4000க்கு 6000 பிக்சல், அச்சு 20க்கு 30 அங்குலம், அதாவது ஒரு அங்குலத்துக்கு 200 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சல் என்பது தாளில் 0.127 மில்லிமீட்டர். தாளில் ஒரு கோட்டின் அகலத்தை அளந்தால், அது எத்தனை பிக்சல் அகலம் என்று திருப்பிக் கணக்குப் போட்டுவிடலாம்.

எனக்கு வழி கிடைத்தது இங்கேதான். ஷார்ப் செய்யும் ஒவ்வொரு கருவிக்கும் ரேடியஸ் என்று ஒன்று உண்டு, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் வரை அது கை வைக்கும் என்பதே அதன் பொருள். விளிம்பை ஒட்டி விழும் வெளிச்ச வளையத்தின் அகலம் அந்த ரேடியஸைப் பொறுத்தது. ஆகவே வளையத்தின் அகலம் கைரேகை மாதிரி, எந்தக் கருவி வேலை செய்தது என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

என் அச்சில் மூன்று அகலங்கள் இருந்தன. மிக மெல்லிய, மயிரிழை போன்ற ஒன்று. அதற்கு வெளியே முக்கால் மில்லிமீட்டர் அளவில் ஒன்று. அதற்கும் வெளியே ஏறக்குறைய 4 மி.மீ. வரை பரவிய மங்கலான வெளுப்பு. வானத்தில் இன்னொரு தடயமும் கிடைத்தது: சரியாக 1 மி.மீ. பக்கமுள்ள சின்னச் சின்னச் சதுரங்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும், 8 பிக்சல் என்றால் என் அச்சில் ஒரு மில்லிமீட்டர். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டங்களை ஏதோ ஒன்று தூக்கிக் காட்டியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

மயிரிழை கேமராவுடையது. எப்போதோ ஒரு காலத்தில் கேமரா மெனுவில் லேண்ட்ஸ்கேப் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து அதில் ஷார்ப்னெஸ்ஸை மேலே ஏற்றி வைத்திருக்கிறேன், அதை மறந்தும் போயிருக்கிறேன். எந்த எடிட்டிங்கும் செய்யாத ஜேபெக்கையும் ரா கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

முக்கால் மில்லிமீட்டர் என்னுடையது, கிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளில் நான் போட்ட அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் கருவி. ரேடியஸ் இயல்பாக 3 என்று இருக்கும், அதைத் தொடவில்லை. எவ்வளவு வலுவாகக் கூர்மையாக்க வேண்டும் என்று சொல்லும் அமௌன்ட் இயல்பாக 0.5, அதை 1.8 வரை ஏற்றியிருந்தேன். ஏன் அவ்வளவு ஏற்றினேன் என்பதை யோசித்துப் பார்த்தபோதுதான் உண்மையான தவறு பிடிபட்டது. என் லேப்டாப் திரையின் உயரம் 1080 பிக்சல். 6000 பிக்சல் உயரப் படத்தை முழுசாகத் திரைக்குள் அடக்கிப் பார்த்துக்கொண்டே ஸ்லைடரை நகர்த்தியிருக்கிறேன், அதாவது படத்தின் ஆறு பிக்சல் திரையில் ஒரு பிக்சலாகச் சுருங்கியிருக்கிறது. 3 பிக்சல் ரேடியஸில் நடக்கும் மாற்றம் அந்த அளவில் கண்ணுக்கே தெரியாது. தெரியவில்லையே என்று ஏற்றினேன், இன்னும் தெரியவில்லையே என்று இன்னும் ஏற்றினேன். கொஞ்சம் தெரிய ஆரம்பித்தபோது அது எல்லை தாண்டிப் போயிருந்தது. எவ்வளவு சிறிய வேறுபாட்டைத் தொடாமல் விட வேண்டும் என்று சொல்லும் த்ரெஷோல்டும் பூஜ்யத்திலேயே இருந்ததால், விளிம்பு எது, வானத்தில் சென்சர் போட்ட புள்ளிகள் (நாய்ஸ்) எவை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிட்டது. மணல் தூவல் அப்படி வந்ததுதான்.

4 மி.மீ. வெளுப்பு போன் செயலியுடையது. பிரிண்டுக்கு அனுப்பும் முன் நிறத்தைக் கொஞ்சம் சரி செய்யலாம் என்று போனில் திறந்து, கல்லின் சொரசொரப்பு நன்றாகத் தெரியட்டும் என்று ஸ்ட்ரக்சர் என்ற ஸ்லைடரையும் நகர்த்தியிருக்கிறேன். இந்த ஸ்ட்ரக்சர், கிளாரிட்டி எல்லாம் பெயர்தான் வேறு, பெரிய ரேடியஸில் செய்யும் ஷார்ப் என்றே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். 30 பிக்சல் பரவினால் என் அச்சில் அது கிட்டத்தட்ட 4 மி.மீ., கணக்கு ஒத்துப்போனது. போதாததற்கு அந்தச் செயலி மறுபடி ஜேபெக்காகச் சேமித்தது. ஏற்கெனவே சுருக்கிய படத்தை மேலும் கூர்மையாக்கி மேலும் சுருக்கியதால் அந்தச் சதுரங்கள் எழும்பி வந்தன.

நான்காவது, பிரிண்ட் போட்ட கடை. அங்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் மறைக்கவே இல்லை. "அண்ணே, எங்க மெஷின்ல ஆட்டோ கரெக்‌ஷன் எப்பவும் ஆன்லதான் இருக்கும். கல்யாண ஆல்பம் தர்றவங்க எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும். நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா ஆஃப் பண்ணியிருப்பேன்" என்றார். அதே கோப்பில் ஒரு சிறு துண்டை ஆட்டோவோடு ஒன்றும் ஆட்டோ இல்லாமல் ஒன்றும் போட்டுத் தரச் சொன்னேன். ஆட்டோ இல்லாததில் வெள்ளைக் கோடு இருந்தது, ஆனால் கொஞ்சம் சாம்பலாக இருந்தது. அதைப் பளிச்சென்ற வெள்ளையாக்கியது மெஷின்.

சரி, கணக்காகவே பார்த்துவிடலாம்

நான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சம் கூர்மையாக்கினால் ஏன் இவ்வளவு கெட்டுப்போக வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள அன்ஷார்ப் மாஸ்க் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். பெயரே குழப்பும், கூர்மையாக்கும் கருவிக்கு அன்ஷார்ப் என்று பெயர். இது டார்க்ரூம் காலத்துப் பெயர். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான பாசிட்டிவ் நகல் ஒன்று எடுத்து, அதை நெகட்டிவோடு சேர்த்து அடுக்கி அச்சிடுவார்கள், அந்த மங்கல் நகல்தான் அன்ஷார்ப் மாஸ்க். கணினியும் அதையே செய்கிறது: படத்தை மங்கலாக்கு, அசலிலிருந்து மங்கலைக் கழி, கிடைத்த வித்தியாசத்தை அசலோடு கூட்டு.

ஒரு வரிசையில் ஆறு பிக்சல், எண்கள் அவற்றின் வெளிச்ச அளவு (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). இடப் பக்கம் கல், வலப் பக்கம் வானம்: 100, 100, 100, 200, 200, 200. ஒவ்வொரு பிக்சலையும் அதன் இரு பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் மங்கல் நகல்: 100, 100, 133, 167, 200, 200. அசலில் இருந்து இதைக் கழித்தால் நடுவில் மட்டும் கழித்தல் 33, கூட்டல் 33 கிடைக்கும். அதை அசலோடு அப்படியே கூட்டுங்கள்: 100, 100, 67, 233, 200, 200. விளிம்பின் கல் பக்கம் இன்னும் கறுத்தது, வானத்துப் பக்கம் இன்னும் வெளுத்தது. கண் இதைப் பார்த்து, அடேயப்பா எவ்வளவு தெளிவு என்கிறது. கல்லைப் பற்றிய புதுத் தகவல் எதுவும் படத்துக்குள் வரவில்லை, இருந்த வேறுபாடு பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது இந்த விடையையே எடுத்து அதே கணக்கை இன்னொரு தடவை செய்து பாருங்கள். 100, 111, 1, 255, 189, 200 என்று வரும். இரண்டே தடவை! கல் பக்கம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, வானத்துப் பக்கம் 255, அதற்கு மேல் வெள்ளையே கிடையாது. உண்மையில் அந்த இடத்தில் 299 வந்தது, 255-ல் வெட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. அதோடு கோட்டுக்கு அடுத்தும் 111, 189 என்று இல்லாத புதுக் கோடுகள் முளைத்துவிட்டன. நூறுக்கும் இருநூறுக்கும் இருந்த வேறுபாடு முதல் தடவையில் 166 ஆனது, இரண்டாவது தடவையில் 254. கேமரா, கிம்ப், போன், மெஷின் என்று நான்கு தடவை இது நடந்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அளவு வேறுதான், ஆனால் பின்னால் வந்த ஒவ்வொன்றும் முன்னால் வந்தது போட்ட கோட்டையே விளிம்பு என்று நம்பி அதையும் கூர்மையாக்கியது.

அண்ணி பார்த்த சுண்ணாம்புக் கோடு அந்த 255-தான். வானம் வழவழப்பாக இருந்ததால் அது பளிச்சென்று தெரிந்தது. அதே கோடு சிற்பங்களுக்கு நடுவிலும் இருந்தது, ஆனால் அங்கே ஆயிரம் கோடுகளில் ஒன்றாக ஒளிந்துகொண்டது.

ராவிலிருந்து மறுபடியும்

பழைய ஜேபெக்கை ஓரமாக வைத்துவிட்டு ரா கோப்பை ரா தெரபியில் திறந்தேன். இலவச மென்பொருள்தான். ஷார்ப் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 100 சதவீத அளவில் (படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையில் ஒரு பிக்சல்) பார்த்தபோது படம் உண்மையிலேயே கொஞ்சம் மந்தமாக இருந்தது. இங்கேதான் எஃப் 16 வருகிறது. துளை சிறுத்தால் ஒளி வளைந்து பரவும், ஒரு புள்ளி ஒளி சென்சரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழும். பச்சை ஒளிக்கு எஃப் 16-ல் அந்த வட்டின் விட்டம் சுமார் 0.021 மி.மீ., என் சென்சரின் பிக்சல் அகலம் 0.0039 மி.மீ. ஒரு புள்ளி ஐந்து பிக்சலுக்கு மேல் பரவுகிறது. எஃப் 8-ல் எடுத்திருந்தால் மூன்றுக்குள் நின்றிருக்கும். எல்லாம் தெளிவாக விழட்டும் என்று செய்ததே எல்லாவற்றையும் சமமாகக் கொஞ்சம் மங்கலாக்கியது. அந்த மந்தத்தைப் பார்த்துத்தான் நான் ஸ்லைடரைத் தேடிப் போயிருக்கிறேன்.

இந்த வகை மங்கலுக்கு ரா தெரபியில் கேப்சர் ஷார்ப்பனிங் என்று ஒன்று இருக்கிறது, 2020-ல் வந்த 5.8 பதிப்பில் சேர்த்தார்கள். அன்ஷார்ப் மாஸ்க் மாதிரி விளிம்பின் வேறுபாட்டை ஏற்றுவது இதன் வேலை இல்லை. ஒரு புள்ளி எப்படிப் பரவியது என்று ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு, அந்தப் பரவலைப் படிப்படியாகத் திருப்பிச் சுருட்டப் பார்க்கும். ரிச்சர்ட்சன் 1972-லும் லூசி 1974-லும் தனித்தனியாகச் சொன்ன முறை இது. ஹப்பிள் தொலைநோக்கி 1990-ல் மேலே போனதும் அதன் 2.4 மீட்டர் கண்ணாடி விளிம்பில் ஏறக்குறைய இரண்டு மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது அல்லவா, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரி செய்யும் வரை மங்கலான படங்களைத் தேற்ற விஞ்ஞானிகள் பயன்படுத்திய முறைகளில் இதுவும் ஒன்று. பிரகாசமான பொருட்களுக்கு நன்றாகவே உதவியது, மங்கிய பொருட்களில் நாய்ஸையும் சேர்த்துப் பெருக்கியது. அப்படிப்பட்ட கணக்கு இன்று என் பழைய லேப்டாப்பில் சில நொடிகளில் ஓடுகிறது, எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

தானியங்கி அமைப்பிலேயே விட்டேன். மேல் நிலைகளில் இருந்த சின்னச் சின்ன உருவங்களின் ஓரங்கள் தெளிந்து வந்தன, வெள்ளை வளையம் இல்லாமல். எல்லாம் சரியாகிவிடவில்லை. கலசத்துக்குக் கீழே சில இடங்களில் விளிம்புகள் மேலும் கீழுமாக இரட்டித்தாற்போல் இருந்தன, அது 1/50 நொடியில் என் கை அசைந்ததால் வந்தது. வட்டமாகப் பரவிய மங்கலைச் சுருட்டும் கணக்கு ஒரு திசையில் இழுபட்ட மங்கலைத் தொடாது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இதை ஜேபெக் போலத் தரம் குறைக்காத 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து கிம்ப்பில் திறந்தேன். அச்சுக்கான கூர்மை தனி வேலை. பட எடிட்டிங் பற்றிப் புத்தகங்கள் எழுதிய புரூஸ் ஃப்ரேசர் ஷார்ப் செய்வதை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார்: கேமராவின் மங்கலை ஈடுகட்ட ஒன்று, படத்தில் வேண்டிய இடத்தை எடுத்துக்காட்ட ஒன்று, கடைசியில் அச்சுக்கோ திரைக்கோ ஏற்ப ஒன்று. நானும் பல தடவை ஷார்ப் செய்தேன்தான். ஆனால் அவர் சொன்ன மூன்றுக்கும் மூன்று காரணம் உண்டு, என் நான்குக்கும் ஒரு காரணமும் இல்லை.

லேயரை இரண்டு நகல் எடுத்து இரண்டிலும் ஒரே அன்ஷார்ப் மாஸ்க் போட்டேன். ஒன்றின் மோடை டார்க்கன் ஒன்லி (கறுத்த மாற்றம் மட்டும் தெரியும்) என்று வைத்து முழு அளவில் விட்டேன், இன்னொன்றை லைட்டன் ஒன்லி (வெளுத்த மாற்றம் மட்டும் தெரியும்) என்று வைத்து ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்தேன், அதாவது அது பாதி அளவே தெரியும். கறுப்புக் கோட்டைக் கண் நிழல் என்று ஏற்றுக்கொள்கிறது, வெள்ளைக் கோட்டை மன்னிப்பதில்லை, அதனால் வெள்ளைக்கு மட்டும் கடிவாளம். அப்புறம் இரண்டுக்கும் லேயர் மாஸ்க் போட்டு அதில் வானம் முழுவதையும் கறுப்பாலே தீட்டினேன், மாஸ்க்கில் கறுப்பு இருக்கும் இடத்தில் அந்த லேயர் தெரியாது. வானத்தில் கூர்மையாக்க என்ன இருக்கிறது?

ஒரு தாளில் ஆறு துண்டு

எந்த அளவு சரி என்று திரையைப் பார்த்து முடிவு செய்வதில்லை என்று இந்தத் தடவை உறுதியாக இருந்தேன். விமானத்தின் ஓரமும் வானமும் சேரும் இடத்தில் 800க்கு 800 பிக்சல் வெட்டினால் தாளில் அது 4க்கு 4 அங்குலம். 8க்கு 12 அங்குலத் தாள் ஒன்றில் இப்படி ஆறு துண்டு சரியாக அடங்கும். 30 அங்குலப் பிரிண்டை வீணாக்குவதைவிட இது எவ்வளவோ மலிவு, யாரும் இதைச் செய்யாமல் பெரிய பிரிண்ட் போடாதீர்கள். முதல் துண்டு எதுவுமே செய்யாதது, இரண்டாவது ரா தெரபியில் செய்தது மட்டும், மூன்றாவதில் அதன்மேல் ரேடியஸ் 0.8 அமௌன்ட் 0.6, நான்காவதில் 1.2க்கு 0.9, ஐந்தாவதில் 2க்கு 1, ஆறாவது பழைய கோப்பிலிருந்தே வெட்டியது. ஆர்டரில் "எந்தக் கரெக்‌ஷனும் வேண்டாம், அப்படியே அச்சிடவும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

துண்டுகளை வெட்டிப் பின்னால் எண் எழுதி, கலைத்து, அண்ணியிடம் கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்தவர் மூன்றாவதை எடுத்தார். பிறகு ஹால் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி சோபாவில் உட்காரச் சொன்னேன். இப்போது நான்காவதைக் காட்டினார். அண்ணனுக்கு அங்கிருந்து நான்குக்கும் ஐந்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது: ஆறாவதில் மெல்லிய வெள்ளைக் கோடு சோபாவிலிருந்து யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அந்த 4 மி.மீ. வெளுப்பு எல்லோருக்கும் தெரிந்தது. யோசித்தால் நியாயம்தான். நல்ல பார்வையுள்ள கண் இரண்டு மீட்டரிலிருந்து பிரித்தறியக்கூடிய இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைவிடச் சிறியதும் அதை ஒட்டிய அளவுள்ளதும் தூரத்தில் கரைந்துவிடும், அதைவிடப் பல மடங்கு பெரியது தங்கிவிடும். கிட்டப் பார்ப்பவருக்குத் தொந்தரவு கிம்ப்பில் நான் செய்தது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தொந்தரவு போனில் நான் நகர்த்திய அந்த ஒரு ஸ்லைடர்.

நான்காவது துண்டை 100 சதவீத அளவில் திரையில் பார்த்தால் கொஞ்சம் முரடாகவே இருக்கும். அச்சில் அந்த முரடு அடங்கிவிடுகிறது, தாளுக்கு வரும்போது எப்போதும் கொஞ்சம் கூர்மை குறையும். பளபளப்பில்லாத மேட் தாளில் இன்னும் குறையும் என்று கடைக்காரர் சொன்னார், நான் போட்டது பாதிப் பளபளப்புள்ள லஸ்டர் தாளில்தான். வேறு தாள் என்றால் இந்த 1.2, 0.9 எல்லாம் செல்லாது, துண்டு போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நான்காவதின் அளவிலேயே முழுப் படத்தையும் மறுபடி அச்சிட்டோம். கேமராவில் ஷார்ப்னெஸ்ஸை இயல்பு நிலைக்கு இறக்கியாயிற்று. போனில் அந்தச் செயலியை நிறம் பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் தஞ்சாவூர் போனபோது அதே இடத்தில் நின்று எஃப் 8-ல், 1/200 நொடியில் எடுத்தேன். கேப்சர் ஷார்ப்பனிங்குக்குப் பெரிதாக வேலையே இல்லை, சிற்பங்களின் ஓரங்கள் அப்படியே நின்றன. இதையும் அச்சிட்டு மாற்றித் தரட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுல மேகம் இல்லையே தம்பி, அதுவே இருக்கட்டும்" என்றார். கலசத்துக்குக் கீழே லேசாக இரட்டித்த விளிம்புகளோடு அந்தச் சாயங்காலம்தான் ஹாலில் தொங்குகிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட முதல் அச்சைக் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது பெரிய பிரிண்ட் கேட்டு வருபவர்களிடம் அதை எடுத்துக் காட்டிவிட்டு, ஆட்டோ வேண்டுமா வேண்டாமா என்று முதலிலேயே கேட்கிறார்.